அறமும் சட்டமும்: மட்டாஞ்சேரி கற்பிக்கும் பாடம்

பசித்தவனுக்குச் சோறிடுதல் அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் அப்பசிக்குக் காரணமாய் நிற்கும் ஏற்பாட்டை மாற்றுமாறு ஆள்வோரிடம் சென்று வாதாடுதலும் அறமாகுமா? இவ்வினா எழுங்கால் நம்மிற் பலர் தயங்குகின்றனர். சோறிடுதல் தூய செயல். சட்டசபை அங்கத்தினரின் வாசலில் மனுவோடு நிற்பது அரசியல். சமய வாழ்வை மேற்கொண்டோர்க்கு அரசியல் எதற்கு என்பது அவர்கள் கருத்து. இக்கருத்து சரியா என்பதை நாம் நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

நம் மணிமேகலையின் வரலாற்றையே முதலில் நினைவு கூர்வோம். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கையில் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டத்தினுள் சென்று, அங்கே வாடிக்கிடந்தோர் அனைவர்க்கும் அவள் உணவளித்தாள். செய்தியறிந்த சோழ மன்னன் அவளை வரவழைத்து, யான் செய்யத்தக்கது யாது என்று வினவினான். பொன் வேண்டும் பொருள் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அச்சிறைக்கோட்டத்தை நீக்கி அதனை அறவோர் வாழும் கோட்டமாக்குக என்றே வேண்டினாள். மன்னனும் அவ்வாறே செய்தான்.

இதன் உட்பொருளை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அமுதசுரபியால் சிறைப்பட்டோரின் பசியைத் தீர்க்க முடிந்தது. சிறைக்கதவைத் திறக்க முடியவில்லை. நாள்தோறும் வந்து சோறிட்டுக்கொண்டே இருந்திருந்தாலும் அவர்கள் வயிறு நிரம்பிய கைதிகளாகவே இருந்திருப்பர். கதவின் திறவுகோல் ஆள்வோன் கையில் இருந்தது. ஆதலின் அவள் அங்கே கேட்டாள். தனக்காகக் கேட்கவில்லை, பிறர்க்காகக் கேட்டாள். ஆள்வோரிடம் நீதி கேட்கும் துறவுள்ளம் கொண்ட பெண்மணியின் உருவம் நமக்குப் புதியதன்று. நம் காப்பியத்திலேயே உள்ளது.

இனி, நம்மினும் வேறான ஒரு சமயத்தாரின் வரலாற்றை நோக்குவோம். 1893-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் உலகச் சமயங்களின் மகாசபை கூடிற்று. இலங்கையிலிருந்து சென்ற அநகாரிக தர்மபாலர் பௌத்தத்தின் சார்பில் உரையாற்றிய சபை அது. அதனையொட்டி யூத சமயத்தாரும் தம் கூட்டத்திற்கு ஏற்பாடு செய்தனர். அந்நகரில் வாழ்ந்த ஹன்னா சாலமன் என்னும் அம்மையார், யூத மாதர்க்கும் அந்நிகழ்ச்சியில் இடம் வேண்டுமெனக் கேட்டார். ஆடவர் அளிக்க முன்வந்ததோ விருந்தினரை உபசரிக்கும் வேலை; அதாவது காப்பி ஊற்றிக் கொடுக்கும் வேலை. மாதர் அதனை மறுத்துத் தாமே தனி மாநாடு கூட்டினர். மாநாட்டின் முடிவில் யூத மாதர் தேசீய சங்கம் என்னும் அமைப்பு தோன்றிற்று.

அச்சங்கத்தார் ஊதியம் பெறாத தொண்டர்கள். தொடக்கத்தில் அவர்கள் செய்தது நாம் நன்கறிந்த வகைத் தொண்டே. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய, துணையற்ற இளம்பெண்களைத் தீயோர் கையில் சிக்காமற் காத்து உரிய இடத்திற் சேர்த்தனர். ஆனால் ஒரு பெண்ணைக் காக்கும்போதே அடுத்த கப்பலில் வேறொரு பெண் வந்திறங்கினாள். கரையில் நின்று கைகொடுப்பதோடு அமையாமல், சட்டம் இயற்றுவோரையும் அணுகவேண்டும் என்று அவர்கள் உணர்ந்தனர். 1920-இல் அமெரிக்கப் பெண்டிர் வாக்குரிமை பெற்றவுடன், பல மாதர் சங்கங்கள் ஒன்றுகூடிச் சட்டமன்றத்தாரிடம் வாதாடுதற்கெனக் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தன. அதில் யூத மாதர் சங்கமும் சேர்ந்தது. அக்குழுவினர் பாடுபட்டதன் பயனாக, கருவுற்ற தாய்மார்க்கும் கைக்குழந்தைகட்கும் அரசாங்கச் செலவில் நல்வாழ்வுப் பணி நடைபெற வகைசெய்யும் சட்டம் 1921-இல் நிறைவேறிற்று. அச்சட்டம் யூதத் தாய்க்கு மட்டும் உரியதன்று. எல்லாத் தாய்மார்க்கும் உரியது. இதனை மனத்திற் கொள்வோமாக.

யூத சமயத்தார் நமக்குத் தொலைவில் வாழ்ந்தவர் மட்டும் அல்லர். நம் அண்டை நாடாகிய கேரளத்தின் கொச்சித் துறைமுகத்தில், மட்டாஞ்சேரி என்னும் பகுதியில், அவர்களுக்கெனத் தனித் தெருவே இருந்தது. அத்தெருவின் வரலாறு நம் வினாவின் மறுபாதிக்கு விடையளிக்கிறது. சட்டத்தினிடம் கேட்பது அறமாகுமா என்பது முதற்பாதி. கேட்டுப் பெற்றபின் நம் கடமை முடிந்ததா என்பது மறுபாதி.

கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில், சேரநாட்டை ஆண்ட பாஸ்கர ரவி என்னும் மன்னன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்குச் செப்பேடு ஒன்று வழங்கினான். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அவ்வேட்டின்படி பல்லக்கு, குடை, பகல் விளக்கு, நடைபாவாடை முதலிய எழுபத்திரண்டு உரிமைகள் அவனுக்கும் அவன் வழியினர்க்கும் கிடைத்தன. பிற நாடுகளில் யூதர் எய்திய துன்பங்களை அறிந்தோர், இந்நாட்டில் அவர்கள் எய்திய மதிப்பை எண்ணி வியப்பர். பிற்காலத்தில் கொச்சி மன்னர் தம் மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்தே அவர்களுக்கு இடமளித்தார். 1568-இல் அங்கே ஜெபாலயம் ஒன்று எழுந்தது. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் கட்டியது ஆதலின் பரதேசி ஜெபாலயம் என்று பெயர்பெற்றது. அச்செப்பேடும் அங்கேயே போற்றிக் காக்கப்பட்டு வந்தது. இவ்வாறு, ஆள்வோரிடம் உரிமை பெற்ற ஒரு கூட்டத்தார் அவ்வுரிமைக்குச் சான்றான ஏட்டைத் தம் வழிபாட்டிடத்திலேயே பேணி வைத்திருந்தனர்.

அந்த ஜெபாலயத்தின் உள்ளே நீலக்கோலம் தீட்டிய சீனத் தரைக்கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஆனால் அத்தரையில் அமர எல்லா யூதர்க்கும் உரிமையில்லை. முன்னாளில் அடிமைகளாய் இருந்து, யூத சமயத்தைத் தழுவி, விடுதலை பெற்றோரின் வழியினர் எனச் சிலர் ஒதுக்கி வைக்கப்பட்டனர். எபிரேய மொழியில் அவர்களுக்கு ‘மெசுக்ராரிம்’ என்று பெயர். விடுவிக்கப்பட்டோர் என்பது பொருள். பெயரில் விடுதலை இருந்தது, வாழ்வில் இல்லை. அவர்கள் ஜெபாலயத்தின் முன்னறையில் தரையில் அமரவேண்டும். வேதச் சுருளை வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. மற்றையோர் அவர்களோடு மணவுறவு கொள்வதில்லை. இறந்த பின்னும் அவர்களுக்கு இடம் வேறு.

இக்கொடுமைக்கு யூத சமய நூல் இடங்கொடுத்ததா? இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இவ்வழக்கு எகிப்து நாட்டில் வாழ்ந்த தாவீது இபுன் சிம்ரா என்னும் பெரும் சமயச் சட்ட அறிஞரிடம் சென்றது. முறைப்படி சமயம் தழுவியோர் முழு யூதரே; அவர்களோடு மணவுறவு கொள்ளத் தடையில்லை என்று அவர் தீர்ப்பளித்தார். தீர்ப்பு கொச்சிக்கு வந்தது, வழக்கம் மாறவில்லை. மன்னன் தமக்கு அளித்த உரிமையைச் செப்பேட்டில் காத்தோர், தம் அறிஞர் பிறர்க்கு அளித்த உரிமையைக் காற்றில் விட்டனர். ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் அத்தீர்ப்பு பயனற்றுக் கிடந்தது. நீதி இன்னதென்று தெரியாமல் அநீதி இழைத்தோர் அல்லர் அவர்கள், தெரிந்தும் இழைத்தனர். மனிதர் பெரும்பாலும் செய்யும் தீமை இவ்வகையினதே.

அவ்வாறு ஒதுக்கப்பட்ட குடும்பம் ஒன்றில் 1882-இல் ஆபிரகாம் பராக் சேலம் பிறந்தார். சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். நாட்டு விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டு, 1929-இல் லாகூரில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கும் சென்று வந்தார். 1925 முதல் 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் கொச்சிச் சட்டசபையில் அங்கத்தினராய் விளங்கினார். அந்நிலையை எண்ணிப் பாருங்கள். நாட்டுக்குச் சட்டம் செய்யும் சபையில் அவருக்கு ஆசனம் உண்டு. தம் இறைவனை வணங்கும் கூடத்தில் அவருக்கு ஆசனம் இல்லை! காந்தியடிகளிடம் கற்ற சத்தியாக்கிரக முறையை அவர் ஜெபாலயத்தின் உள்ளேயே கைக்கொண்டார். சிலகாலம் அதனைப் பகிஷ்கரித்தார். யூத காந்தி என்று மக்கள் அவரை அழைத்தனர். 1930-களின் நடுப்பகுதியில் பழைய தடைகள் பல ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. மணவுறவுத் தடையோ 1950 வரை நின்றது. அவ்வாண்டில் அவர் மைந்தரே அதனைக் கடந்து மணம் புரிந்தார்.

அச்சமூகத்துப் பெண்டிர் நிலை யாது? மட்டாஞ்சேரி யூத மாதர் மலையாள மொழியில் பாடல்களைப் பாடிப் பேணி வந்தனர். கையேடுகளில் எழுதியும் வைத்தனர். ஆடவர் உள்ளே யார் அமர்வது, வெளியே யார் அமர்வது என்று வரம்பு கட்டிக் கொண்டிருந்த காலத்தில், வெவ்வேறு ஜெபாலயங்களைச் சார்ந்த மாதரின் ஏடுகளில் ஒரே பாடல்கள் பல காணப்பட்டன. பாட்டுக்கு அவ்வரம்பு தடையாகவில்லை.

அவ்வேடுகளைப் பின்னுலகம் அறியச் செய்தோரில் ஒருவர் ரூபி டேனியல். 1912-இல் கொச்சியில், ஒதுக்கப்பட்டோரெனக் கூறப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். எர்ணாகுளம் சென்று கற்றார். நீதிமன்றத்தில் எழுத்தராய்ப் பணிபுரிந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் மகளிர் பிரிவிலும் சேர்ந்தார். 1951-இல் இஸ்ரேல் சென்று குடியேறினார். முதுமையில் மாதர் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1995-இல் தம் நினைவுகளைப் பார்பரா ஜான்சன் என்னும் ஆய்வாளரோடு இணைந்து நூலாக்கினார். தம் முன்னோர்க்கு இழைக்கப்பட்ட இழிவையும் மறையாது எழுதினார். சட்டசபையின்முன் நின்று சொல்வது மட்டும் சாட்சியம் அன்று. மறைக்கப்பட்டதைப் பெயர் சொல்லி எழுதி வைப்பதும் சாட்சியமே. நீதி கேட்போர்க்கு முதலில் வேண்டுவது, நடந்தது இது என்று கூறும் துணிவு.

அதே 1912-ஆம் ஆண்டில், அதே கொச்சிக் காயலின் நடுவே, முளவுகாடு என்னும் தீவில், புலையர் குலத்தில் ஒரு பெண்மகவு பிறந்தது. தாட்சாயணி என்று பெயரிட்டனர். அக்குலத்தார் பொதுவழியில் நடக்கவும் தடையிருந்த காலம் அது. 1913-இல் அவர்கள் எர்ணாகுளத்தருகே முதன்முதல் மாநாடு கூட்ட எண்ணியபோது கூடுதற்கு நிலம் கிடைக்கவில்லை. படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து நீரின்மேல் கூடினர்! தரையெல்லாம் பிறர்க்கு உரியதாய் இருந்தமையின் நீரையே தம் சபையாக்கினர். அத்தீவின் பெண்மகள் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் இரசாயனம் கற்று 1935-இல் பட்டம் பெற்றார். தாழ்த்தப்பட்டோருள் பட்டம் பெற்ற முதற் பெண்மணி என்று அவரைக் கூறுவர். ஆசிரியப் பணி புரிந்தபின் 1945-இல் கொச்சிச் சட்டசபைக்கும், 1946-இல் இந்திய அரசியல் நிர்ணய சபைக்கும் அங்கத்தினரானார். அப்பெருஞ்சபையில் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்மணி அவர் ஒருவரே. தாட்சாயணி வேலாயுதன் என்பது அவர் பெயர்.

1948-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், தீண்டாமையை ஒழிக்கும் விதி அச்சபையில் விவாதத்துக்கு வந்தது. அதனை வரவேற்றுத் தாட்சாயணி அம்மையார் பேசினார். ஆனால் சட்டம் நிறைவேறியதும் எல்லாம் முடிந்தது என்று அவர் மயங்கவில்லை. அரசியற் சட்டத்தின் வெற்றி அதனை நிறைவேற்றும் அதிகாரத்தை விட, மக்கள் இனி நடந்துகொள்ளும் முறையையே பொறுத்தது என்னும் கருத்தை அவர் அன்று எடுத்துரைத்தார். நானூறு ஆண்டு பயனற்றுக் கிடந்த எகிப்து அறிஞரின் தீர்ப்பை இதனோடு சேர்த்து நோக்குங்கால், அச்சொல்லின் ஆழம் நமக்கு விளங்குகிறது.

அப்படியாயின் சட்டத்தால் பயனென்ன, மனம் மாறினாலன்றோ எல்லாம் மாறும் என்று சிலர் கேட்பர். இவ்வாதம் கேட்க இனிது. ஆயினும் இதில் ஒரு கொடுமை மறைந்துள்ளது. இழைப்பவனின் மனம் மாறும்வரை இழைக்கப்பட்டவன் பொறுத்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். முன்னறைத் தரையில் அமர்ந்தவரின் பாட்டனும் பொறுத்தான், பூட்டனும் பொறுத்தான். இன்னும் எத்தனை தலைமுறை? சட்டம் மனத்தை மாற்றாது என்பது மெய்யாகலாம். ஆனால் அது தீயவன் கையைத் தடுக்கும், பொதுவழியைத் திறக்கும், பள்ளியில் இடந்தரும், முறையிடுவோனுக்கு நிற்க ஓர் இடம் அளிக்கும். அவ்விடத்தில் வளர்ந்த பிள்ளைகள் பழைய வழக்கத்தை வியப்போடு நோக்குவர். மனமாற்றத்துக்கும் சட்டம் இவ்வாறு வழிகோலுகிறது.

வேறு சிலர், சட்டம் வந்துவிட்டது, இனிப் பேச வேண்டியதில்லை என்பர். அவர்க்கு நம் நாட்டு வரலாறே விடை. தீண்டாமையை ஒழிக்கும் பதினேழாம் விதி 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்விதியை மீறுவோரைத் தண்டிக்க 1955-இல் ஒரு சட்டம் வேண்டியதாயிற்று. அதுவும் போதாமல் வன்கொடுமைகளைத் தடுக்க 1989-இல் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று. ஒரு சட்டத்தின்மேல் மற்றொரு சட்டம் தேவைப்படுவது சட்டம் வீண் என்பதைக் காட்டவில்லை. தெருவாசலைச் சட்டம் திறந்தாலும் உள்வாசலை நாம் திறக்கவில்லை என்பதையே காட்டுகிறது.

ஆகவே இரண்டும் வேண்டும். ஆள்வோரிடம் கேட்கும் நா வேண்டும். தன் வீட்டை நோக்கும் கண் வேண்டும். இவற்றுள் ஒன்று மட்டும் உடையோரை நாம் எளிதில் அறிந்துகொள்ளலாம். தமக்கு உரிமை கேட்டுப் பெற்றபின், தம் பின்னே நிற்போனைத் திரும்பிப் பாராதோர் கேட்டது நீதி அன்று, பங்கு. செப்பேட்டைப் போற்றியோர் பங்கு பெற்றனர். சேலம் அவர்களோ சட்டசபையில் அமர்ந்த பின்னும் தம் மக்கள் அமர்ந்திருந்த முன்னறைத் தரையை மறக்கவில்லை. அவர் கேட்டது நீதி.

அன்பர்களே, இவ்வரலாறு பிறர் கதை என்று நாம் கடந்துபோதல் ஆகாது. மெசுக்ராரிம் என்போர் யாவர்? ஒரு சமயத்தில் புதிதாய்ச் சேர்ந்தோரின் வழியினர் எனப்பட்டோர். பழைய இழிவைக் களைந்து புதிய சமயத்தில் புகுந்தோர்க்கு, அச்சமயத்தின் உள்ளேயே மற்றோர் இழிவு காத்திருந்தது. நாமும் சமயம் மாறி வந்தோர். நம்மை இழித்தோரின் கோயில் வாசலை நாம் விட்டு வந்தோம். ஆயினும் அவ்வாசலின் வழக்கத்தையும் உடன் கொண்டு வந்தோமா? நம் குடும்பங்களில் மணம் பேசுங்கால் உட்பிரிவு கேட்கிறோமா இல்லையா? முன்னே வந்தோர், பின்னே வந்தோர் என்று நம் சங்கத்தில் வரிசை உண்டா? நம் கூட்டங்களில் பெண்டிர்க்குப் பாய் விரித்தலும் தேநீர் வழங்கலும் மட்டும் வேலையா, மேடையில் பேசவும் மனு எழுதவும் தூது செல்லவும் இடமுண்டா? சிகாகோ நகரில் 1893-இல் எழுந்த வினா இன்னும் நம் கூடத்தில் எழாதிருக்குமாயின், அதற்கு விடை கிடைத்துவிட்டது என்பது பொருளன்று. கேட்பாரில்லை என்பதே பொருள்.

இன்று மட்டாஞ்சேரி யூதத் தெருவில் யூதக் குடும்பங்கள் ஏறக்குறைய இல்லை. பெரும்பாலோர் 1948-க்குப் பின், சிறப்பாக 1950-களில், இஸ்ரேல் சென்று குடியேறினர். அங்கேயே தங்கியோரும் மூப்பெய்தி மறைந்தனர். ஜெபாலயம் நிற்கிறது. சிறு கட்டணம் செலுத்திக் காலணியைக் கழற்றி வைத்தால், எக்குலத்தவரும் எந்நாட்டவரும் உள்ளே சென்று அச்சீனத் தரைக்கற்களின்மேல் நிற்கலாம். ஒருகாலத்தில் அக்கூட்டத்தாரிலேயே சிலர்க்கு மறுக்கப்பட்ட தரை இன்று யாவர்க்கும் பொதுவாயிற்று. ஆனால் அதன்மேல் கூடி வணங்குவோரைக் காண்பது அரிதாயிற்று. வாசலைக் காலத்தில் திறத்தல் வேண்டும். உடன் வழிபட ஆட்கள் இருக்கும்போதே திறத்தல் வேண்டும்.

சோறிடுவோம்; அஃது இன்றைய கடன். சட்டம் இயற்றுவோரிடம் சென்று, அஞ்சாது, பகையின்றிப் பிறர்க்காகவும் கேட்போம். அது நாளைய தலைமுறைக்கு நாம் செய்யும் கடன். அங்கிருந்து திரும்பி வந்து நம் வீட்டின் உள்வாசலில் எவரேனும் நிற்கின்றனரா என்று நோக்குவோம். அவ்வாறு நிற்பாராயின், கையைப் பற்றி உள்ளே அழைத்து வந்து நம் பக்கத்தில் அமர்த்துவோம். இக்கடனை நமக்காக எந்தச் சட்டசபையும் செய்துதர இயலாது.